உப்புக் கல்லை யார் சதுரமாக்கியது?

உடப்பு
14.09.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அங்கே நீ, மச்சாள், மருமகன் மூவரும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். வேண்டுகிறேன் என்று எழுதினாலே உன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். சிரி. ஆனால் கடிதத்தை முழுக்க வாசி.

போன ஞாயிறு வீடியோவில் மருமகன் கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். "மாமி, முதல் உயிரைக் கடவுள் செய்தாரா, அது தானா வந்ததா?" என்றான். நான் வாய் திறக்க முன்னம் நீ போனைப் பறித்து, "மாமியிடம் கேட்காதே, அவ கோயில் கட்சி" என்று சொல்லிச் சிரித்தாய். இருபத்தெட்டு வருஷமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு அது கொஞ்சம் சுட்டது. ஆனால் நீ அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் விடிய, கடற்கரையில் நின்றோமே, அதுதான் காரணம்.

கச்சான் காற்று முகத்தில் மணலை அள்ளி அடித்துக்கொண்டிருந்தது. கரைவலைத் தோணிகளை மேலே இழுத்து வைத்துவிட்டு, ஊரில் பாதி ஆம்பிளைகள் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போயிருந்தார்கள். துடக்கு என்று நாங்கள் இந்த வருஷம் தீமிதிப்புக்கும் போகவில்லை. நீ கடலைப் பார்த்தபடி சொன்னாய்: "எல்லாம் தற்செயல்தான் அக்கா. உலகத்தில் உயிர் வந்ததே தற்செயல். அம்மா போனதும் தற்செயல்." நான் கோயில் பக்கம் கையைக் காட்டி, "எல்லாம் அவள் போட்ட கணக்கு" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நீ விமானம் ஏறிவிட்டாய்.

அன்றைக்கு நாங்கள் சொன்ன இரண்டும் பிழை என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஒரு விஷயம் உன்னிடம் இன்னும் சொல்லவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன கிழமை தரம் பத்துப் பிள்ளைகளைப் பாலாவி உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். முந்தல், மதுரங்குளி தாண்டிப் போகும்போது பஸ்ஸில் ஒரே பாட்டுக் கச்சேரி. உப்பளத்தில் இறங்கியதும் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள், அவ்வளவு வெள்ளை. உனக்கும் நினைவிருக்கும், சின்ன வயதில் கண்ணைக் கூசுகிறது என்று அப்பாவின் சாரத்துக்குள் முகத்தைப் புதைப்பாய்.

களப்புத் தண்ணீரை முதலில் பெரிய பாத்தியில் நிறுத்துகிறார்கள். வெயிலும் காற்றும் அதைக் குடிக்கும். பிறகு அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி. முதலில் சுண்ணாம்புச் சத்து அடியில் இறங்கும். அடுத்தது ஜிப்சம், காலில் குத்தும் ஊசி ஊசியாக. பத்துப் பங்கு கடல் நீர் ஒரு பங்காக வற்றிய பிறகுதான் கறியுப்பு கட்டும். கடைசியில் மிஞ்சுவது மக்னீசியம் நிறைந்த கசப்பு நீர். அதை நேரத்துக்கு வடித்துவிடாவிட்டால் உப்பும் கசக்கும். இந்த வரிசை ஒருநாளும் மாறாது. ஜிப்சத்துக்கு முன்னால் உப்பு ஒருபோதும் முந்திக்கொண்டு வராது.

ஒரு பெட்டைப் பிள்ளை உள்ளங்கையில் நாலைந்து உப்புக் கல்லை வைத்துக்கொண்டு வந்தாள். கல் ஒவ்வொன்றும் சின்னத் தாயக்கட்டை மாதிரி, மூலைகள் கூராக. "டீச்சர், இதை ஆர் சதுரமா வெட்டினது?" என்றாள். உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தா: "நாங்க வாருறது மட்டும்தான் பிள்ளை, வெட்டுறதில்லை."

தம்பி, நம் சண்டைக்கும் மருமகனின் கேள்விக்கும் பாதிப் பதில் அந்த உள்ளங்கையில் இருந்தது. அந்தக் கல்லை ஒருவரும் வெட்டவில்லை. அதற்காக அது தற்செயலாகச் சதுரமானது என்றும் சொல்ல முடியாது. ஒரு சின்னக் கல்லுக்குள் சோடியமும் குளோரினும் கோடிக் கோடிக்கும் மேலாக, ஒன்று விட்டு ஒன்று, வரிசை பிசகாமல் நிற்கின்றன. குலுக்கிப் போட்டு அந்த வரிசை அமைய வேண்டுமென்றால் உலகம் முடியும்வரை குலுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் பாலாவியில் ஒரு பின்னேரத்தில் அமைந்துவிடுகிறது. நேர் மின்னும் எதிர் மின்னும் ஒன்றையொன்று இழுக்கும் விதி, தண்ணீர் வற்றும் விதி, அவ்வளவுதான். தற்செயலா திட்டமா என்று கேட்கிறவர்கள், நியதி என்ற மூன்றாவது சொல்லை விட்டுவிட்டுக் கேட்கிறார்கள்.

"உப்பும் உயிரும் ஒன்றா அக்கா?" என்று நீ கேட்பாய். ஒன்றல்ல. அதற்கு வருகிறேன். அதற்கு முன் நம் நாட்டு ஆட்கள் இரண்டு பேரின் கதையைக் கேள். இதே கேள்விக்காக உலகமெல்லாம் பேசப்பட்டவர்கள்.

ஒருவர் சந்திரா விக்கிரமசிங்க. 1939இல் கொழும்பில் பிறந்தவர், ரோயல் கல்லூரியில் படித்தவர். கேம்பிரிட்ஜில் பிரெட் ஹொயிலிடம் மாணவராகச் சேர்ந்தார். நட்சத்திரங்களுக்கு இடையில் மிதக்கும் தூசியில் கரிமப் பொருள்கள் உண்டு என்று எழுபதுகளிலேயே சொன்னவர் அவர். அப்போது சிரித்தவர்கள் இருந்தார்கள். இன்று அண்டவெளியில் கரிமச் சேர்வைகள் பரவலாக உண்டு என்பதில் சந்தேகமில்லை. பிறகு அவரும் ஹொயிலும் இன்னும் ஒரு படி ஏறினார்கள். உயிரே அங்கிருந்துதான் வந்தது, தூசியிலும் வால்வெள்ளியிலும் ஏறிப் பூமிக்கு இறங்கியது என்றார்கள். ஒரு கணக்கும் போட்டார்கள். உயிருக்கு வேண்டிய இரண்டாயிரம் நொதியங்களும் குருட்டுவாக்கில் சேர்வதற்கான வாய்ப்பு, ஒன்றுக்குப் பின்னால் 40,000 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. ஆகவே தற்செயல் இல்லை, பின்னால் ஒரு பேரறிவு இருக்க வேண்டும் என்று 1981இல் புத்தகமாகவே எழுதிவிட்டார்கள்.

அந்தக் கணக்கைப் பார்த்தால் எனக்கு உப்புக் கல்தான் நினைவுக்கு வருகிறது. எல்லாவற்றையும் ஒரே குலுக்கலில் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் உப்பும் சாத்தியமில்லை. குலுக்கல் என்று தொடங்கியதுதான் கணக்கில் உள்ள பிழை. படி படியாக, முந்திய படியில் நின்றதைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி ஏறுவதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அதே 1981 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு வழக்கு. பள்ளிக்கூடத்தில் கூர்ப்புக் கொள்கையோடு 'படைப்பு விஞ்ஞானத்தையும்' சரிசமமாகப் படிப்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். சட்டத்தைக் காப்பாற்றச் சாட்சி சொல்ல மாநில அரசு அழைத்தது விக்கிரமசிங்கவை. வேடிக்கை என்ன தெரியுமா? பூமிக்குப் பத்து லட்சம் வருஷம்கூட ஆகவில்லை என்றோ, ஒரே வெள்ளத்தால் பாறைகள் எல்லாம் உண்டாயின என்றோ புத்தியுள்ள எந்த விஞ்ஞானியும் ஒப்ப மாட்டான் என்று அவரே கூண்டில் நின்று சொல்லிவிட்டார். இவரைப் பிரதிவாதிகள் ஏன்தான் அழைத்தார்கள் என்று விளங்கவில்லை என்ற கருத்தை நீதிபதி ஓவர்ட்டன் தீர்ப்பிலேயே எழுதினார். 1982 ஜனவரி 5ஆம் தேதி அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. நம் அறுவாக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லை அந்த நீதிபதியிடம் காட்டியிருந்தாலும் போதும். சீமெந்துக்கு வெட்டுகிற அந்தக் கல், கடலுயிர்களின் ஓடுகளோடு மயோசீன் காலத்தில் படிந்தது. கோடி வருஷக் கணக்கு.

அதே 1982இல் விக்கிரமசிங்க இங்கே வந்து, அப்போதுதான் தொடங்கியிருந்த அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் முதல் பணிப்பாளரானார். அது கண்டி ஹந்தானையில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் அவர் விட்டுப்போன அதே நாற்காலிக்கு வந்தவர்தான் நான் சொல்ல வந்த இரண்டாம் ஆள், சிறில் பொன்னம்பெரும.

அவர் 1923இல் காலியில் பிறந்தவர். முதல் பட்டம் எடுத்தது நம் அயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தில், 1948இல். பாடம் என்ன தெரியுமா, தத்துவம்! இரசாயனத்துக்கு அதன் பிறகுதான் போனார். லண்டனில் படித்து, கலிபோர்னியாவில் மெல்வின் கல்வினிடம் 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்று, நாசாவில் சேர்ந்தார். உயிர் இல்லாத ஆதிப் பூமியில் என்ன இருந்திருக்குமோ அதைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து, வெப்பமும் மின்னலும் ஊதாக்கதிரும் காட்டி, என்ன விளைகிறது என்று பார்ப்பதுதான் அவர் தொழில். 1953இல் ஸ்டான்லி மில்லர் இப்படிச் செய்து அமினோ அமிலங்களை எடுத்திருந்தார். அந்த வழியில் நெடுந்தூரம் போனவர் பொன்னம்பெரும.

1969 செப்டம்பர் 28ஆம் தேதி அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. பொறுக்கிய துண்டுகள் நூறு கிலோவுக்கு மேல். பொன்னம்பெருமவின் குழு அதை அரைத்துப் பார்த்து, உள்ளே அமினோ அமிலங்கள் இருப்பதாக 1970இல் அறிவித்தது. அது யாரோ தொட்ட கை அழுக்கு இல்லை என்று எப்படித் தெரியும்? இதைப் பிள்ளைகளுக்கு நான் சங்கை வைத்துத்தான் விளங்கப்படுத்துவேன். கற்பிட்டிப் பக்கம் கடலில் எடுக்கிற சங்கு கிட்டத்தட்ட எல்லாம் இடம்புரி. வலம்புரி அபூர்வம், கிடைத்தால் பூசை அறையில் வைப்போம். உயிர்களின் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களும் அப்படித்தான், கிட்டத்தட்ட எல்லாம் இடக்கைப் பக்கம். மேர்ச்சிசன் கல்லில் இருந்ததோ இடம்புரியும் வலம்புரியும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. உயிர் தொட்டிருந்தால் அப்படி வராது. உயிர் இல்லாத இடத்தில், சும்மா இரசாயனத்தால் விளைந்தவை அவை.

இரசாயன விதிகளும் சூழலும் அமைந்த இடத்தில் உயிர் வருவது அதிசயமல்ல, எதிர்பார்க்கத்தக்கதுதான் என்பது பொன்னம்பெருமவின் நிலைப்பாடு. அவர் தற்செயல் கட்சியும் இல்லை, படைப்புக் கட்சியும் இல்லை. நியதிக் கட்சி என்று வைத்துக்கொள்ளேன். ஒரே தீவில் பிறந்து, ஒரே நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு பேர், ஒரே கேள்விக்கு எதிரெதிர்ப் பக்கம் போயிருக்கிறார்கள். பொன்னம்பெரும 1994இல் காலமானார்.

அவர் பார்க்கக் கொடுத்துவைக்காத ஒன்றை இந்த வருஷம் ஜனவரியில் நான் வாசித்தேன். வாசித்த அன்று இரவு நித்திரை வரவில்லை. பென்னு என்ற சிறுகோளுக்கு நாசா அனுப்பிய விண்கலம் அங்கே மண் அள்ளி, 2023 செப்டம்பர் 24ஆம் தேதி யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. எல்லாமாக 121.6 கிராம். நம் வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் அடங்கும். அதில் புரதத்துக்கு வேண்டிய இருபது அமினோ அமிலங்களில் பதினாலு இருந்தன. பரம்பரைச் செய்தியை எழுதும் ஐந்து எழுத்துகளும், அதுதான் நியூக்கிளியோ காரங்கள், இருந்தன. இடமும் வலமும் அங்கும் பாதிக்குப் பாதி.

நித்திரையைக் கெடுத்தது அதுவல்ல, உப்பு. தம்பி, அந்த மண்ணில் உப்பு இருந்தது! பென்னு உடைந்து வந்த தாய்க் கோளுக்குள் நானூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் உப்புத் தண்ணீர் நின்று, மெல்ல வற்றி, ஒன்றன்பின் ஒன்றாக உப்புகளைப் படியவைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பட்டியலில் சுண்ணாம்புக் காபனேற்று இருக்கிறது, நம் கறியுப்பும் இருக்கிறது. பாலாவியில் பாத்தி பாத்தியாக நடப்பது, பூமி உருண்டு திரளும் காலத்திலேயே வானத்தில் எங்கேயோ நடந்திருக்கிறது. பாத்தி கட்டியவர் இல்லை, மதகு திறந்தவர் இல்லை. அப்படி வற்றிச் செறிந்த நீரில்தான் உயிரின் மூலப்பொருள்கள் நெருங்கிச் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

இனி, உப்பும் உயிரும் எங்கே பிரிகின்றன என்பதற்கு வருகிறேன். உப்புக் கல் வளரும். ஆனால் அதற்குப் பிள்ளை இல்லை, பேரன் இல்லை. தன்னைப் பற்றிய செய்தியை எழுதி வைத்து, அதைப் பிரதி எடுத்து, பிரதியில் வரும் சின்னப் பிழைகளையும் சுமந்துகொண்டு போவதுதான் உயிர். பிரதி எடுப்பது தொடங்கிவிட்டால் பிறகு கூர்ப்பு பார்த்துக்கொள்ளும். பிழை வருவது தற்செயல்தான், உன் கட்சிக்கு ஒரு புள்ளி. எந்தப் பிழை நிலைக்கும் என்பது தற்செயல் இல்லை. சூழல் சலித்து எடுக்கிறது. ஆனால் முதல் பிரதி எப்படித் தொடங்கியது? அது இன்றுவரை எவருக்கும் தெரியாது. செங்கல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வீடு எப்படி எழும்பியது என்று கண்டுபிடிக்கவில்லை. மருமகனுக்கு இதைச் சொல்.

வானத்திலிருந்து உயிரே வந்தது என்ற விக்கிரமசிங்கவின் யோசனையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆர்ட்டீமியா டின் நினைவிருக்கிறதா? இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒரு கரண்டித் தூள் தந்தார், மண்ணிறமாய், குரக்கன் மா மாதிரி. சோடாப் போத்தலில் உப்புத் தண்ணீர் விட்டு, அந்தத் தூளைப் போட்டு, காற்றுக் குழாயைச் செருகி வைத்தோம். மறுநாள் விடிய நீ போத்தலை வெளிச்சத்தில் பிடித்துவிட்டுக் கத்தினாய், "அக்கா, தூள் நீந்துது!" வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த ஆர்ட்டீமியா முட்டைகள் தண்ணீர் பட்டதும் பொரித்திருந்தன. உயிர் அப்படி உறங்கியபடி தூரம் கடந்து வரலாம், அதில் தவறில்லை. ஆனால் டின்னுக்குள் முட்டை எங்கிருந்து வந்தது? கேள்வி பூமியிலிருந்து வானத்துக்கு இடம் மாறியதே தவிரப் பதில் கிடைக்கவில்லை.

2012 டிசம்பரில் பொலன்னறுவை அரலகங்விலவில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லில் டயற்றம் பாசியின் சுவடுகள் இருக்கின்றன, வேற்றுலக உயிருக்கு அது சாட்சி என்று விக்கிரமசிங்க அறிவித்தார். அவை நம் குளத்திலும் ஆற்றிலும் வாழும் நன்னீர் வகைகள், அந்தக் கல் விண்கல்தான் என்பதே நிறுவப்படவில்லை என்று மற்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள். தூசியைப் பற்றி அவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதர், இந்தக் கல்லில் தனக்கு வேண்டிய பதிலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு பார்த்துவிட்டார் என்பது என் எண்ணம்.

இது வெள்ளைக்காரன் கிளப்பிய சண்டை என்று நினைக்காதே. பானைக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம், உலகத்துக்கு அந்த நிமித்த காரணம் இறைவன் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. திருவிழாச் சொற்பொழிவில் இதைக் கேட்டுக்கொண்டே நீ என் மடியில் நித்திரையாவாய். மணிமேகலையில் பூதவாதி என்று ஒருவன் வருகிறான், உன் கட்சிக்காரன். பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றதையும் சேர்த்தால் கள்ளின் வெறி உண்டாவதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு உண்டாகிறது என்று அவன் வாதாடுகிறான். நானும் நீயும் கடற்கரையில் போட்ட சண்டை அவ்வளவு பழையது.

நான் இன்னும் விளக்கு வைக்கிறேன், வைப்பேன். குயவன் இருக்கிறானா என்று குடுவையில் தேட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் குயவன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு மண்ணைப் பார்க்காமல் இருப்பது பக்தி இல்லை. இதை எனக்கு விளங்கப்படுத்தியது 1996.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முந்தல் களப்பு ஓரம் அப்பா பங்குக்கு எடுத்த மூன்று இறால் குளங்கள். அம்மாவின் தாலிக்கொடி அடகில். பிடிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. விடியற்காலை குளத்துக்குப் போன அப்பா, கரையோரம் இறால் ஒதுங்கி மெதுவாக நீந்துவதைப் பார்த்தார். காகம் கூட்டமாக இறங்கியிருந்தது. ஒன்றை எடுத்து ஓட்டைப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல வெள்ளைப் புள்ளி. அந்தக் கிழமை முடிய முன்னம் மூன்று குளமும் போய்விட்டது. அம்மா கண்ணூறு என்றா. அயலில் செய்வினை என்றார்கள். அப்பா தலைவிதி என்று சொல்லிப் பாயில் படுத்தவர், எழும்பிக் கதைக்கப் பல நாள் எடுத்தது. பெரியப்பா மட்டும் "கெட்ட காலம், எதேச்சையா வந்தது" என்றார். அவரும் உன் கட்சிதான்.

உண்மை என்னவென்றால் வெண்புள்ளி ஒரு வைரசு. எல்லோரும் ஒரே டச்சுக் கால்வாயிலும் களப்பிலும் தண்ணீர் எடுத்து, அதிலேயே கழிவை விட்டுக்கொண்டிருந்தோம். நோய் கண்டவன் தன் குளத்தை அவசரமாகத் திறந்துவிட்டான். பக்கத்துக் குளம் அந்தத் தண்ணீரை இறைத்துக்கொண்டது. திட்டமிட்டு எங்களைக் கெடுத்தவர் ஒருவரும் இல்லை. வைரசுக்கு அப்பாவைத் தெரியாது. அதற்காக அது எதேச்சையும் இல்லை. பண்ணைகளை நெருக்கி வெட்டிய நாளிலேயே அதற்கு வழி வெட்டியாயிற்று. கால்வாயைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வலயம் வலயமாக முறை வைத்துக் குஞ்சு விடும் நாட்காட்டி வந்தது. விதி என்றவர்களும் எதேச்சை என்றவர்களும் அதுவரை கால்வாய்ப் பக்கம் போகவே இல்லை.

இப்போது, சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

நீ போய் ஒரு கிழமைக்குப் பிறகு அம்மாவின் அரிசிப் பானையைக் கழுவி வைக்கலாம் என்று கவிழ்த்தேன். அடியில் கிளினிக்கில் குளிசை போட்டுத் தரும் சின்னக் கடதாசிப் பைகள். பிரஷர் குளிசை. எண்ணினேன், ஐம்பத்தெட்டு. கிட்டத்தட்ட இரண்டு மாதம் அம்மா அதைத் தொடவே இல்லை. குடித்தால் தலை சுற்றுகிறது என்று ஒருமுறை சொன்னா, நான் "குடியுங்கோ அம்மா, பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். தலை சுற்றினால் குளிசையை மாற்றித் தருவார்கள். நான் கூட்டிப்போகவில்லை. ஒழுங்காகக் குடித்திருந்தால் பாரிசவாதம் வந்திருக்காது, இன்றைக்கு இருந்திருப்பா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எவராலும் சொல்ல முடியாது. ஆனால் கடற்கரையில் நீ தற்செயல் என்றாய், நான் அவள் கணக்கு என்றேன். இரண்டு பேரும் அரிசிப் பானையைத் திறந்து பார்க்கவில்லை.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே வீட்டில் இருந்தவள் நான். அழுது முடித்துவிட்டேன், நீ போன் எடுத்து என்னைத் தேற்ற வேண்டாம்.

மருமகனுக்கு ஒரு சின்னப் பை அனுப்புகிறேன், பாலாவி உப்பு. சுடுதண்ணீரில் கரையுமட்டும் கரைத்து, ஒரு தட்டில் ஊற்றி, யன்னல் ஓரம் வைக்கச் சொல். அங்கே வெயில் குறைவு, பத்து நாளாவது எடுக்கும். சதுரம் வரும்போது, யார் வெட்டியது என்று அவனையே கேள். அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுது.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்குப் பிரஷர் பிடித்தது நாற்பத்திரண்டு வயதில். போன மாதம் எனக்கும் பிரஷர் கூட என்று சொல்லிக் குளிசை தந்திருக்கிறார்கள், தவறாமல் குடிக்கிறேன். உனக்கு இப்போது நாற்பத்தொன்று. இந்தக் கிழமையே போய்ப் பார். மேல் எண், கீழ் எண் இரண்டையும் எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அன்பு அக்கா